சத்தம் கூடினால் இழுவை கூடுமா? மலைநாட்டு ரோட்டில் சைலன்சரும் பைக் மாற்றங்களும்

கொட்டகலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் இருப்பது 150 சிசி கார்பரேட்டர் பைக். கம்பனி சைலன்சர் துருப்பிடித்து அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. கூட்டாளிகள் எல்லோரும், புகையைத் தடையில்லாமல் வெளியே விடும் 'ஃப்ரீ ஃப்ளோ' பைப் போடச் சொல்கிறார்கள். ஏற்றத்தில் இழுவை கூடும், வளைவில் சத்தம் கேட்டு எதிரே வருகிறவன் ஒதுங்குவான் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். இது உண்மையா, பொலிஸ் பிரச்சினை வருமா, வேறு எதை மாற்றினால் நம் ரோட்டுக்குப் பிரயோசனம் என்று கேட்கிறார்.

தம்பி, நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஓட்டுகிற ரோட்டில், ஓட்டுகிற வேகத்தில், அந்த பைப்பால் இழுவை கூடாது, பெரும்பாலும் குறையும். ஆனால் உங்கள் கூட்டாளிகள் பொய் சொல்லவும் இல்லை. நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலைப் பக்கம் பைப் மாற்றியவர்களில் பலர் வண்டி லேசாகிவிட்டதாக உணர்கிறார்கள். அந்த உணர்வுக்குக் காரணம் பைப்பை விட உயரம்தான். அதை விளங்கிக்கொண்டால் மிச்சக் கேள்விகளுக்கும் வழி பிறக்கும்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய 83 சதவீதம்தான். எஞ்சின் ஒவ்வொரு தடவையும் இழுப்பது அதே கொள்ளளவு காற்று. ஆனால் அந்தக் காற்றில் ஒட்சிசன் குறைவு. ஆகவே கொழும்பில் 14 குதிரைத்திறன் தரும் எஞ்சின் நுவரெலியாவில் 11.5 அளவுதான் தரும். ஹட்டன், கொட்டகலை உயரத்தில் இழப்பு எட்டில் ஒரு பங்குக்குக் கிட்ட. எந்த பைப்பாலும் இதைத் திருப்பித் தர முடியாது.

இழப்பு அதோடு நிற்பதில்லை. கார்பரேட்டர் காற்றின் எடையை அளக்காது. பெற்றோல் வரும் ஜெட் என்ற சின்னக் குழலின் துளை எவ்வளவோ அவ்வளவு பெற்றோலை விடும். காற்று மெலிந்த இடத்திலும் கிட்டத்தட்ட அதே பெற்றோல் வந்தால் கலவை தடித்துவிடும், அதாவது காற்றுக்குப் பெற்றோல் கூடிவிடும். நுவரெலியா உயரத்தில் அது பத்துச் சதவீதம் அளவுக்குத் தடிக்கும். கம்பனியில் தாழ்நிலத்துக்குச் செட் பண்ணி வந்த பைக் அங்கே மந்தமாக ஓடுவதும், பிளக் கருப்பதும், காலையில் புகை நெடி வீசுவதும் இதனால்தான். வெற்றிட பிஸ்டன் உள்ள கார்பரேட்டர் இதை ஓரளவு தானே சமாளிக்கும். பழைய சாதாரண கார்பரேட்டருக்கு அந்த வசதி இல்லை.

இப்போது இதே பைக்குக்கு ஃப்ரீ ஃப்ளோ பைப் போடுகிறார்கள் என்று வையுங்கள். புகை சுலபமாக வெளியேறுகிறது, கூடவே காற்றும் சற்று அதிகமாக உள்ளே வருகிறது, கலவை மெலிகிறது. ஏற்கெனவே தடித்துக் கிடந்த கலவை சரியான அளவுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. வண்டி உடனே துள்ளுகிறது. பைப் போட்டதும் நடந்தது என்பதால் பைப்பின் வேலை என்று நினைக்கிறோம். கம்பனி சைலன்சரை அப்படியே வைத்துக்கொண்டு மெயின் ஜெட்டை ஒரு நம்பர் குறைத்திருந்தாலும் அதே துள்ளல் வந்திருக்கும். அதற்கு முன், காற்று ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தோட்ட ரோட்டின் செம்மண் தூசி அடைத்த ஃபில்டரும் இதே மந்தத்தைத்தான் தரும். அநேகம் பைக்குகளில் குறை அங்கேயே தீர்ந்துவிடும்.

பைப் மாற்றிய பைக்கின் உண்மையான தொல்லை கீழே இறங்கும்போதுதான் தொடங்கும். ஹட்டனிலிருந்து கினிகத்தேன, கித்துல்கல வழியாக அவிசாவளைக்கு இறங்கினால் ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரம் குறைகிறது. காற்று அடர்த்தியாகிறது. மேலே சரியாக இருந்த கலவை இங்கே மெலிந்துவிடுகிறது. மெலிந்த கலவை சூடாக எரியும். அதற்குச் சில அடையாளங்கள் உண்டு. ஐட்லிங் ஒரே சீராக நிற்காமல் ஏறி இறங்கும். திரொட்டிலைத் திருப்பியதும் அரை நொடி வண்டி செத்துப் பிறகு எழும்பும். திரொட்டிலை மூடும்போது பைப்பில் டப் டப் என்று வெடிக்கும். பாரத்தோடு ஏறும்போது எஞ்சினில் சின்ன ஆணியைத் தட்டுவது போல டிங் டிங் என்று கேட்கும். இந்தக் கடைசிச் சத்தம் கேட்ட பிறகும் ஓட்டினால் பிஸ்டன் தலையும் எக்ஸோஸ்ட் வால்வும் போகும். கொழும்பில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பைக்கில் ஊருக்கு வரும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒரே பயணத்தில் இரண்டு காலநிலைகளையும் கடக்கிற பைக் அது.

எதிர்ப்பக்கமாக, இழுவை ஏன் குறைகிறது என்றும் பார்க்க வேண்டும். பழைய கம்பனி சைலன்சர் ஒன்றை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் உள்ளே வெறும் குழாய் இருக்காது. மூன்று அறைகள் இருக்கும், நடுவே தகட்டுச் சுவர்கள். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து திரும்ப முன்னறைக்கு என்று புகையை வளைத்துக் கொண்டுபோகும் சல்லடைக் குழாய்கள். சில மாடல்களில் வெளித்தோலுக்கும் உட்குழாய்க்கும் இடையே கண்ணாடிப் பஞ்சு. எஞ்சினிலிருந்து புகை ஒழுகி வருவதில்லை, அடி அடியாக வருகிறது. ஒவ்வோர் அடியும் ஓர் அழுத்த அலை. அந்த அலை அறைச் சுவர்களில் பட்டுத் திரும்பி அடுத்த அலையோடு மோதி அடங்கும். அதுதான் சத்தம் குறைவதன் இரகசியம். திரும்பிப் போகும் அலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. எக்ஸோஸ்ட் வால்வு மூடப்போகும் நேரத்தில், உள்ளே வந்த புதுக் கலவை வெளியே நழுவாமல் தடுப்பது, அல்லது மிச்சப் புகையை இழுத்து வெளியே எடுப்பது. எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) இந்த உதவி கிடைக்கும் என்பதைக் குழாயின் நீளமும் விட்டமும் தீர்மானிக்கின்றன. தினசரி ஓட்டத்துக்கான 150 சிசி பைக்கில் கம்பனிக்காரர் அதை நடு ஆர்பிஎம்மில் வைத்திருப்பார்கள். இரண்டு பேரோடும் ஒரு மூடை அரிசியோடும் குடாகமப் பக்கத்து ஏற்றத்தை இரண்டாம் மூன்றாம் கியரில் ஏறும்போது எஞ்சின் இருப்பது 3,500க்கும் 5,500க்கும் இடையில். அகலமான, உள்ளே வெறுமையான பைப் போட்டால் புகையின் வேகம் குறைந்து, அந்த உதவி 8,000க்கு மேலே நகர்ந்துவிடும். நீங்கள் ஏறும் இடத்தில் எஞ்சினுக்குத் துணை இல்லாமல் போகும்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. அங்கே திறந்த பைப்போடு பைக்குகள் பறப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் நம்புகிறார்கள். அந்த பைக்குகள் கியரை மாற்றி மாற்றி எஞ்சினை உச்ச ஆர்பிஎம்மிலேயே வைத்திருக்கின்றன. வால்வைத் திறக்கும் காம், ஜெட், கியர் விகிதம் எல்லாம் அதற்கேற்ப மாற்றப்பட்டிருக்கும். ரோட்டும் மூடியிருக்கும். அந்தக் கூட்டத்தில் பைப் ஓர் உறுப்பு மட்டும்தான். அதை மட்டும் பிய்த்து வந்து நம் பைக்கில் மாட்டினால் மிஞ்சுவது சத்தம்.

அந்தச் சத்தத்தின் மேல் உள்ள ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை. பழைய ஹொண்டா ஹோர்னட் 250இன் நான்கு சிலிண்டரும் பதினான்காயிரம் ஆர்பிஎம் தாண்டிப் பாடும்போது நின்று கேட்காத பைக்காரன் இருக்க மாட்டான். சம்பளம் சேர்த்து, லீசிங் கட்டி, குடும்பத்திலேயே முதல் ஆளாக ஒரு வாகனம் வாங்குகிற பிள்ளைக்கு அது தன்னுடையது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்ற விருப்பம் நியாயமானது. ஆனால் 150 சிசி ஒற்றைச் சிலிண்டர், வெறும் குழாய் வழியாக அந்தப் பாட்டைப் பாடாது. அது குரைக்கும்.

நம் இடத்தில் சத்தம் எப்படிப் பரவுகிறது என்பதைக் கீழ்நாட்டுக்காரரை விட நாம்தான் அறிவோம். டெசிபெல் கணக்கு நேர்க்கோட்டுக் கணக்கு கிடையாது. 10 டெசிபெல் கூடினால் ஒலிச் சக்தி பத்து மடங்கு. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குறைவது 6 டெசிபெல் மட்டும். இது சமவெளிக் கணக்கு. மலைச் சரிவில் தேயிலை இடுப்பளவு உயரம்தான். சத்தத்தை மறிக்க மரக்கூட்டம் இல்லை. தெளிந்த குளிர் இரவில் குளிர்காற்று பள்ளத்தில் தேங்கி, அதற்கு மேலே சூடான காற்று நிற்கும். மேலே போகிற சத்தம் அந்தப் படையில் வளைந்து திரும்பவும் பள்ளத்துக்கே இறங்கும். எதிர்மலை எதிரொலிக்கும். இதைவிட முக்கியமானது ரோட்டின் வடிவம். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் ஒரு பைக், ஒரே லயத்துக்கு, அதாவது தோட்ட வரிசை வீடுகளுக்கு, மேலே ஐந்தாறு தடவை குறுக்கே போய் வரும். ரோட்டில் நிற்பவருக்கு பத்து விநாடியில் கடந்துபோகிற சத்தம், கீழே லயத்தில் படுத்திருப்பவருக்குப் பத்து நிமிடம் கேட்கும். தகரக் கூரை, பொதுச் சுவர், பத்தடி அறை. கைக்குழந்தையும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நாளைக் காலை கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டிய தாயும் அந்த ஒரே அறையில். பைக் ஓட்டுகிறவரின் சொந்த வீடும் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒன்றுதான்.

வளைவில் சத்தம் காப்பாற்றும் என்ற வாதத்துக்கு வருகிறேன். இதைச் சொல்கிறவர்கள் உண்மையான பயத்தில் சொல்கிறார்கள். எதிரே பஸ் வரும் குருட்டு வளைவு நம் ரோட்டில் எத்தனையோ. ஆனால் பைப்பின் வாய் பின்னால் பார்க்கிறது. சத்தத்தின் பலம் நீங்கள் கடந்துவந்த திசையில்தான் அதிகம். ஆபத்து வருவது முன்னால் இருந்து. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு 900 பைக் விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கையில், முக்கால் பங்குக்கு மேற்பட்ட விபத்துகளில் ஆபத்து வந்தது நேர் முன்னாலிருந்து இருபக்கமும் 45 பாகைக்குள்ளே. கண்ணாடி ஏற்றிய வேன், பாட்டுப் போட்ட பஸ், தன் எஞ்சின் இரைச்சலோடு இறங்கும் லொறி, இவற்றின் சாரதிக்கு உங்கள் பைப் கேட்கும்போது நீங்கள் வளைவின் உள்ளேயே வந்துவிட்டிருப்பீர்கள்.

வளைவுக்குக் கருவி ஹோன். வளைவுக்கு இருபது முப்பது மீற்றர் முன்னே ஒரு சின்ன ஹோன், இடது ஓரம், தேவையான கியருக்கு இறங்கிவிடுவது. மூடுபனி இறங்கிய நேரத்தில் உங்கள் காதே இரண்டாவது கண். ரம்பொடைப் பக்கமோ நானுஓயா இறக்கத்திலோ இருபது அடிக்கு மேல் தெரியாத பனியில், எதிரே வரும் லொறியின் எஞ்சின் பிரேக் சத்தம்தான் முதலில் வரும். உங்கள் பைப்பே காதை அடைத்தால் அந்த எச்சரிக்கையை இழந்துவிடுவீர்கள். காது கெடுவது தனிக் கதை. 85 டெசிபெல்லில் எட்டு மணித்தியாலம் வரை தாங்கலாம் என்று தொழில் சுகாதார அளவுகோல் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கால் மணித்தியாலம்தான்.

சாவியை ஓஃப் பண்ணி ஓன் பண்ணி வெடி போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்விட்ச் ஓஃபில் இருக்கும்போது சக்கரம் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருப்பதால், எரியாத பெற்றோல் கலவை சூடான சைலன்சருக்குள் நிரம்புகிறது. திரும்ப ஓன் பண்ணியதும் அது அங்கேயே பற்றுகிறது. உள்தகடுகளின் வெல்டிங் விடும், சைலன்சர் தையல் வாய் பிளக்கும். புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டர் உள்ள புது பைக்காக இருந்தால் உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். பிறகு அந்த பைக் ஏற்றத்தில் ஏறவே ஏறாது. எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வரும், கன்வேர்ட்டரோடு சேர்ந்த பெண்ட் பைப் மலிவான சாமான் இல்லை.

பொலிஸ் விஷயம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், பதிவுப் புத்தகத்தில் (சி.ஆர்.) உள்ளதற்கு மாறாக வண்டியை அனுமதி இல்லாமல் மாற்றுவதும், தேவையற்ற சத்தம் எழுப்பும் வண்டியை ரோட்டில் விடுவதும் வழக்குத் தொடரக்கூடியவை. 2025 தொடக்கத்திலிருந்து சத்தமான பைப், அதிக சத்த ஹோன், நிறவிளக்கு போன்றவற்றுக்கு எதிராகப் பொலிஸார் நாடு முழுவதும் சிறப்பு நடவடிக்கை எடுத்தார்கள். இதில் பலர் கவனிக்காத மூன்று இடங்கள் உண்டு. டேங்க் நிறத்தை மாற்றினால் சி.ஆர். புத்தகத்திலும் நிறம் மாற வேண்டும். லீசிங் முடியாத பைக்குக்கு சி.ஆரில் முழு உரிமையாளர் நிதி நிறுவனம். அவர்களைக் கேட்காமல் வெட்டி ஒட்டுவது ஒப்பந்தத்தையே பாதிக்கும். விபத்தொன்று நடந்தால் இன்சூரன்ஸ் ஆள் முதலில் படம் எடுப்பது மாற்றிய சாமான்களைத்தான். வருடாந்த வாகன லைசன்ஸுக்கு முன் எமிஷன் டெஸ்ட் என்ற புகைச் சோதனை இருக்கிறது. பைப் மாற்றிவிட்டு, வெடிப்பதை நிறுத்த ஜெட்டைக் கண்டபடி ஏற்றிய பைக்கில் கார்பன் மொனொக்சைட் கூடி அங்கே தோற்பது வழக்கமான காட்சி.

இனி, உங்கள் காசை எங்கே போட்டால் ஏற்றத்தில் இழுவை கிடைக்கும் என்பது. பதில் செயின் சில்லில், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தில், இருக்கிறது. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் உள்ள பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விகிதம் 3.00. முன் சில்லை 13 ஆக்கினால் 3.23. பின்சக்கரத்தில் இழுவை 7.7 சதவீதம் கூடுகிறது, எல்லாக் கியரிலும், எல்லா ஆர்பிஎம்மிலும். எந்த பைப்பும் இதைத் தராது. முன்னால் 14ஐ விட்டுவிட்டுப் பின்னால் 44 போட்டால் விகிதம் 3.14, கூடுவது 4.8 சதவீதம். என் தேர்வு இரண்டாவதுதான். சின்ன முன் சில்லில் செயின் கூர்மையாக வளைவதால் சீக்கிரம் தேயும், சில பைக்கில் ஸ்விங் ஆர்ம் மேலுள்ள ரப்பரையும் அராவும். பின்னால் இரண்டு பல் கூட்டும்போது செயின் நீளம் போதுமா என்று அட்ஜஸ்டர் கோட்டைப் பார்த்து முதலிலேயே உறுதி செய்யுங்கள். சக்கரம் முன்னுக்கு வந்து ஒரு கோடாவது மிஞ்ச வேண்டும். பழைய செயினில் புதுச் சில் போடாதீர்கள், மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கும் இதனால் பலமாகும். நட்டம் ஒன்றுதான்: 13 பல்லோடு, முன்பு 5,000 ஆர்பிஎம்மில் ஓடிய வேகத்துக்கு இப்போது 5,400க்குக் கிட்ட வேண்டும். மாதம் நாலு தடவை கொழும்புக்கு ஓடுகிறவருக்கு இது பொருந்தாது. 2022இல் பைக்குக்கு வாரம் 4 லீற்றர் என்று வரிசையில் நின்ற காலத்தை மறக்காதவர்கள் பெற்றோல் கணக்கையும் பார்ப்பார்கள்; ஊருக்குள்ளே ஏறி இறங்கும் ஓட்டத்தில் அரைக் கிளட்ச் குறைவதால் பெரிய வித்தியாசம் தெரியாது.

டயர். பின்னால் தடித்த டயர் பார்வைக்கு அழகு. ஆனால் 100 அகலத்துக்கான ரிம்மில் 130 ஏற்றினால் விளிம்புகள் உள்ளே இழுக்கப்பட்டு டயரின் முதுகு கூம்பிவிடும். நேரே போகும்போது ரோட்டில் படுவது நடுவில் ஒரு பட்டை மட்டும். வளைவில் சாய்க்கும்போது திடீரென்று விழுவது போல இருக்கும். ஓர் அளவு கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். கட்டை கட்டையான ட்ரெயில் டயர் செம்மண் தோட்ட ரோட்டுக்கு நல்லது. ஆனால் மழையில் நனைந்த தாரில் அதன் பிடி குறைவு. தினமும் ஹட்டன் டவுனுக்கு வந்து போகிறவருக்கு இரண்டுக்கும் நடுவான வெட்டு உள்ள டயரே போதும். காற்றைக் குளிர்ந்த டயரில், காலையில் அளக்க வேண்டும்.

லைட். நீலம் கலந்த வெள்ளை எல்.ஈ.டி. பனியில் உங்கள் முகத்துக்கே சுவராகத் திரும்பி வரும். அந்த ஒளி நீர்த்துளிகளில் சிதறிக் கண்ணைக் கூச வைக்கிறது. மஞ்சள் கண்ணுக்கு இதம். அதைவிடப் பெரியது உயரம்: ஹெட்லைட்டுக்குக் கீழே, முன் ஃபோர்க்கின் அடிப்பக்கம் தாழ்த்திப் பொருத்தி, ரோட்டைப் பார்க்கும்படி சாய்த்த சின்ன மஞ்சள் லைட் இரண்டு போதும். ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் ஹெட்லைட் வயரில் ஒட்டுப் போட்டால் ஸ்விட்ச் உருகும். ஹெட்லைட்டை அட்ஜஸ்ட் பண்ண, சமதரையில் சுவருக்கு 5 மீற்றர் தள்ளி பைக்கை நிமிர்த்தி, ஓர் ஆள் ஏறி உட்கார்ந்திருக்க, லோ பீமின் மேல்விளிம்பு லைட்டின் மையத்தை விட 5 சென்டிமீற்றர் அளவு தாழ விழுமாறு திருப்புங்கள்.

கழற்றக் கூடாத சாமான்களும் இருக்கின்றன. சாரி கார்ட் அதில் முதலாவது. பைக் ஸ்டைலாக இருக்க வேண்டும் என்று அதைக் கழற்றுகிறார்கள். கோயில் திருவிழாவுக்கு அம்மாவோ அக்காவோ சாரியோடு ஒருபக்கமாக உட்கார்ந்து வரும்போது முந்தானை ஸ்போக்கிலும் செயினிலும் சிக்குவதற்கு ஒரு நொடி போதும். சைலன்சர் மேலுள்ள சூட்டுத் தகடும் அப்படித்தான். வெளியில் வாங்கும் பைப் பலவற்றில் அது இல்லை. பின்னால் இருப்பவரின் கெண்டைக்கால் நேரே சூட்டில் படும். கண்ணாடிகள், பின் மட்கார்ட் இரண்டையும் விட்டுவையுங்கள். மட்கார்டை வெட்டிய பைக்கில் மழைச் சேறு பின் ஷொக்கையும் நம்பர் பிளேட்டையும் மூடிவிடும். பிரேக்குக்குச் செலவழிப்பதை யாரும் மாற்றம் என்று சொல்வதில்லை, எனக்கோ அதுதான் முதல் மாற்றம்: நல்ல பேட், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது டொட் 4 ஒயில். இறக்கத்தில் பின்பிரேக்கை மிதித்தபடியே வந்தால் ட்ரம் சூடேறிப் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

கடைசியாக உங்கள் துருப்பிடித்த சைலன்சர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. நம் குளிரில், கடைக்கும் ஸ்டேஷனுக்குமாக இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓட்டினால் சைலன்சர் முழுதாகச் சூடேறாது. அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகித் தேங்கி, உள்ளிருந்து அரிக்கிறது. அடியில் 3 மில்லிமீற்றர் அளவில் ஒரு துளை இருக்கும். அது கம்பனி வைத்த வடிகால். வெல்டிங் கடையில் ஓட்டை என்று நினைத்து அதையும் அடைத்துவிடுவார்கள். முன்கூட்டியே சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் காட்டுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை அரை மணித்தியாலம் தொடர்ச்சியாக ஓட்டினால் உள்ளே காயும்.

ஓட்டை ஒன்றிரண்டுதான் என்றால், தட்டிப் பாருங்கள். கனமான சத்தம் வந்து, குலுக்கும்போது உள்ளே எதுவும் உருளாமல் இருந்தால் 1.2 மில்லிமீற்றர் தகடு வைத்து ஒட்டலாம். கலகலவென்று சத்தம் வந்தால் உள்தகடு விழுந்துவிட்டது. ஒட்டிப் பிரயோசனமில்லை, அதே மாடலின் நல்ல செகண்ட்ஹேண்ட் சைலன்சர் தேடுங்கள். கழற்றும் முன் இரவே பெண்ட் பைப் நட்டுகளுக்குத் துரு நீக்கும் ஒயில் விட்டு வையுங்கள். ஹெட்டில் இருக்கும் ஸ்டட் முறிந்தால் ஐந்து நிமிட வேலை இரண்டு நாள் வேலையாகும். பூட்டும்போது செம்பு கேஸ்கட் வளையம் புதிதாகப் போட வேண்டும், பழையது நசுங்கினது. இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒருமுறை சூடாக்கி ஆறவிட்டுத் திரும்ப இறுக்குங்கள். பிறகு ஐட்லிங்கில் சைலன்சர் வாயை ஒரு துணியால் அரை நொடி மூடுங்கள். மூட்டில் உஸ் என்று கேட்டால் கசிவு. திரொட்டில் மூடும்போது வெடிக்கும் பைக்குகள் பலவற்றில் இந்தக் கசிவுதான் காரணம், ஜெட் கிடையாது.

இத்தனைக்கும் பிறகும் மனம் பைப்பைத்தான் கேட்கிறது என்றால், கழற்றி மாட்டக்கூடிய உள்பஃபிளும் (சத்தத்தை அடக்கும் உள்தடுப்பு) கண்ணாடிப் பஞ்சும் உள்ளதை வாங்குங்கள், பஃபிளைக் கழற்றாதீர்கள். கம்பனி சைலன்சரோடு இருக்கும்போதே போனில் ஒரு சத்தமானி ஆப் போட்டு, சைலன்சர் வாயிலிருந்து 50 சென்டிமீற்றர் தள்ளி, 45 பாகை பக்கவாட்டில், வாயின் உயரத்திலேயே போனைப் பிடித்து, உச்ச பவர் வரும் ஆர்பிஎம்மின் பாதியில் அளந்து எழுதி வையுங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இராது; ஆனால் அதே போனில் புது பைப்பையும் அளந்தால் வித்தியாசம் நம்பத்தக்கது. 3 டெசிபெல்லுக்குள் நின்றால் அயலார் அநேகமாகக் கவனிக்க மாட்டார்கள். 10 கூடினால் லயமே எழும்பும். பிறகு பிளக்கைப் பார்த்து ஜெட்: சூடான எஞ்சினோடு மூன்றாம் கியரில் ஒரே சீரான திரொட்டிலில் இரண்டு கிலோமீற்றர் ஏறி, பாதுகாப்பான ஓரத்தில் கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளை என்றால் ஒரு நம்பர் கூட்டுங்கள், கரி என்றால் குறையுங்கள், ஒரு தடவைக்கு ஜெட்டில் எழுதியிருக்கும் எண்ணில் 2.5க்கு மேல் நகர வேண்டாம். கொழும்புக்கு இறங்குகிற பைக் என்றால் அங்கேயும் இதே சோதனையைச் செய்து, இரண்டில் தடித்த ஜெட்டை வைத்துக்கொள்ளுங்கள். பழைய சைலன்சரை உள்ளே கொஞ்சம் எஞ்சின் ஒயில் தடவி, இரண்டு வாயையும் துணியால் அடைத்து, உரப்பையில் சுற்றி அடுப்படிப் பரணில் ஏற்றி வையுங்கள். எமிஷன் டெஸ்டுக்கும், பைக்கை விற்கிற அன்றும் தேவைப்படும்.